வழக்கமும் இயற்கையும்: ஒரு கேபிளின் சாட்சி

ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஆர்ஜே45 கனெக்டரில் செருக டி568ஏ, டி568பி என இரண்டு வரிசைகள் உண்டு. முதலாவதில் பச்சைச் சோடி 1, 2 ஆம் பின்களிலும் ஆரஞ்சுச் சோடி 3, 6 ஆம் பின்களிலும் அமரும். இரண்டாவதில் இவை இடம் மாறும். எது சரி? இரு முனையிலும் ஒன்றையே பின்பற்றினால் இரண்டுமே சரி.

வேறு வழியும் அதே பயனைத் தந்திருக்கும், ஆனால் பிறர் இப்படிச் செய்வார்கள் என்பதால் நாமும் இப்படிச் செய்கிறோம்: வழக்கத்தைத் தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1969இல் ஏறத்தாழ இவ்வாறுதான் விளக்கினார். வழக்கமா, இயற்கையா என்ற கேள்வி இந்தியத் தத்துவத்திலும் எழுந்தது: சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை நியாய மரபு உடன்பாடாகக் கண்டது. மீமாம்சையோ அதை யாரும் ஏற்படுத்தாத இயல்பான உறவு என்றது.

இங்கே கேபிள் தரும் சான்று நுட்பமானது. 1-2, 3-4, 5-6, 7-8 எனச் சோடிகளை அடுத்தடுத்து, இரு முனையிலும் ஒன்றுபோலச் செருகினால் உடன்பாட்டில் பிசகில்லை. சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆனால் 3, 6 ஆம் பின்களின் சிக்னல் வெவ்வேறு முறுக்குகளைச் சேர்ந்த கம்பிகளில் ஓடும். ஒரே முறுக்கில் இருக்கும் கம்பிகளே இரைச்சலைச் சமமாக வாங்கும்; இரண்டின் வித்தியாசத்தை மட்டும் படிக்கும் கருவியில் அது ரத்தாகிவிடும். சோடி பிரிந்தால் பக்கத்துச் சிக்னல் கலக்கும், இணைப்பு தடுமாறும். மனிதர் எவ்வளவு ஒருமித்தாலும் மின்காந்தம் அதற்குக் கட்டுப்படாது.

எனினும் 3, 6 என்ற தேர்வு மனிதருடையதே. நடுவிலுள்ள 4, 5 ஆம் பின்கள் பழைய தொலைபேசி இணைப்புக்கு உரியவை. அவற்றை விட்டுவைக்கவே அடுத்த சோடி அவற்றின் இருபுறமும் விலகி நிற்கிறது.