மூட்டு வலியும் முன்வினையும்

முதுமையில் வரும் மூட்டு வலிக்குத் தமிழர் பேச்சில் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று வாயு, மற்றொன்று வினை. ‘முட்டியில் வாயு இறங்கிவிட்டது’ என்பவர் எண்ணெய்க் குப்பியைத் தேடுகிறார். ‘எந்தப் பிறவியில் என்ன செய்தேனோ’ என்பவர் ஆறுதல் தேடுகிறார். பெரும்பாலும் இருவரும் ஒரே ஆள்தான். காலையில் படுக்கையை விட்டு எழும்போது முதல் பேச்சு வரும். சாமி அறையில் விளக்கேற்றிவிட்டுத் தரையிலிருந்து எழ முடியாமல் சுவரைப் பிடிக்கும்போது இரண்டாவது வரும். இவை ஒன்றோடொன்று பொருந்துமா, வினையென்று நம்புகிறவர் மருந்து தேடலாமா, மண்டியிட முடியாத உடம்பின் வழிபாடு குறைந்ததா என்ற கேள்விகளைச் சமய நூல்கள் பல இடங்களில் தொட்டிருக்கின்றன. அவை தரும் விடை வீட்டுப் பேச்சில் வழங்கும் விடையைவிட நெகிழ்வானது.

மலேசியாவின் உலு சிலாங்கூர், கோல சிலாங்கூர் தோட்டப்புறங்களில் வேலை செய்து ஓய்ந்த தலைமுறைக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். பால்மரம் வெட்டுகிறவர் இருட்டிலேயே பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுமுன் நானூறு ஐந்நூறு மரம் முடிக்க வேண்டும். வெட்டு பட்டையில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். அடிமரத்துக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து நிமிர வேண்டும். பிறகு பாலைச் சேர்த்து, இரண்டு வாளிகளைக் காண்டாக் கம்பு என்னும் காவடித் தடியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, மேடு பள்ளம் பார்க்காமல் கொட்டகைக்கு நடக்க வேண்டும். 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே தொடங்கியதுதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடி. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது வேலையும் மாறியது, உடம்பின் பாடு மாறவில்லை. இருபது கிலோவைத் தாண்டும் குலைகளை ஆண்கள் தூக்கினார்கள். உதிர்ந்த பழங்களைப் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் பொறுக்கினார்கள்.

மூட்டுகளில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு வயதோடு தேய்கிறது. பல ஆண்டுகள் குந்தி வேலை செய்வதும், கனம் தூக்குவதும், உடல் எடை கூடுவதும், பழைய அடிபாடுகளும் முழங்கால் தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றன. ஆக, தோட்டத்தில் உழைத்த ஒருவரின் முழங்காலைப் பற்றி ‘இது ஏன் வந்தது’ என்று கேட்டால், கண்ணுக்குத் தெரிந்த விடை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இருந்தும் வினை என்ற விடையே முதலில் வாயில் வருகிறது.

இந்த வட்டாரத்தில் ஓர் ஊரின் பெயரே இத்தகைய இரட்டை விளக்கத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. அம்பாங் பெச்சா என்றால் மலாயில் உடைந்த அணை. கோல குபுவுக்கு மேலே இருந்த பழைய அணை 1883இல் உடைந்து, வெள்ளம் ஊரை அடித்துச் சென்றது. அங்கே இருந்த ஆங்கில அதிகாரி சிசில் ரேங்கிங்கும் மாண்டார். ஆற்றைக் காத்துவந்த வெள்ளை முதலையை அந்த அதிகாரி சுட்டதால்தான் அணை உடைந்தது என்பது ஊர்க்கதை. பழைய அணை, கனத்த மழை என்பது மற்ற விளக்கம். முதலைக் கதை நெஞ்சில் நிற்கிறது, ஏனென்றால் அதில் குற்றமும் தண்டனையும் இருக்கின்றன. ஆனால் அந்த வெள்ளத்தில் போனவர்கள் எல்லாரும் முதலையைச் சுட்டவர்கள் அல்லர். வலியை வினையென்று விளக்கும்போதும் இதே இடறல் உண்டு.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் நுகர்வதற்கென்று வந்தது பிராரத்தம். இப்போது செய்து மேலும் சேர்ப்பது ஆகாமியம். களஞ்சியத்து நெல், அன்றன்று உலையில் இடும் அரிசி, அடுத்த போகத்துக்கு விதைக்கும் விதை என்று இதைப் பாடம் சொல்பவர்கள் விளக்குவதுண்டு. உடம்போடு வரும் இன்ப துன்பங்கள் பிராரத்தத்தில் அடங்கும். இதுவரை வீட்டுப் பேச்சும் நூலும் ஒன்றே. இதற்கு மேல்தான் விலகல். வினை தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது, அது சடம். அதன் பயனை ஊட்டுபவன் இறைவன், ஊட்டுவது உயிரின் அழுக்கைத் தீர்ப்பதற்காக என்பது சித்தாந்தம். புண்ணை அறுக்கும் மருத்துவரின் கத்தி போன்றது அது என்ற உவமையும் உண்டு. அப்படியானால் வலி என்பது தீர்ப்பு எழுதி முடித்த வழக்கு அல்ல, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை. மேலும், வந்த வலியை ஒருவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பது ஆகாமியத்தின் கணக்கு. அங்கே மனிதருக்கு இடம் இருக்கிறது.

துன்பம் வரும் வழிகளையும் இந்தியத் தத்துவ நூல்கள் மூன்றாகச் சொல்லும். தன் உடல் மனத்தால் வருவது ஆதியான்மிகம். பிற உயிர்களால் வருவது ஆதிபௌதிகம். மழை, இடி, பஞ்சம் போலத் தெய்வச் செயலாக வருவது ஆதிதெய்விகம். மூட்டு வலியை உடல் நோய் என்று முதல் வகையில் போடுவதே வழக்கம். காண்டாக் கம்பு அழுத்திய தோளையும் பழம் பொறுக்கித் தேய்ந்த முழங்காலையும் இரண்டாம் வகையிலும் சேர்த்தாக வேண்டும். அந்தச் சுமையின் அளவையும் அதற்கான கூலியையும் முடிவு செய்தவர்கள் வேறு மனிதர்கள். முழுவதையும் தொழிலாளியின் முற்பிறவிக் கணக்கில் எழுதிவிட்டால், அந்த மனிதர்களின் கணக்கு வெறுமையாகி விடுகிறது. வினைக் கொள்கையின் நோக்கம் அதுவாக இருக்க முடியாது. தன் வலியைப் பொறுக்க ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் விளக்கமாக அது பண்புடையது. அடுத்தவர் வலியைப் பார்த்துச் சொன்னால் அது பழியாகிறது.

எல்லா வலியும் வினையால்தான் என்று இந்திய மரபு முழுவதும் ஒப்பவும் இல்லை. மோலிய சீவகன் என்ற பரிவிராசகர், அதாவது ஊர் ஊராய்த் திரியும் துறவி, இதைப் புத்தரிடம் நேரடியாகக் கேட்டதாகப் பாலி நூல்களில் ஓர் உரையாடல் இருக்கிறது. புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், கபம், வாயு, இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடம்பைப் பேணாத நடத்தை, பிறர் தாக்குதல் ஆகியவை ஏழு. வினை எட்டாவது; பட்டியலில் கடைசி. எல்லாம் வினை என்பவர்கள் தங்களுக்கே தெரிந்த உண்மையைத் தாண்டிப் பேசுகிறார்கள் என்பது அவர் முடிவு. திருக்குறளும் கிட்டத்தட்ட இதே பாதையில் போகிறது. ஊழின் வலிமையை 38ஆம் அதிகாரத்தில் அவ்வளவு அழுத்திச் சொன்ன வள்ளுவர், 95ஆம் அதிகாரமான மருந்தில் ஊழைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. வளி முதலிய மூன்றும் மிகுவதும் குறைவதும், பசி அறியாமல் உண்பதும்தான் அங்கே காரணங்கள். நோயின் மூலத்தை ஆராய்ந்து அது தணியும் வழி பார் என்பது மருத்துவருக்கான கட்டளை. வலிக்கிற இடத்தில் நிற்கும்போது ஊழைப் பேசுவதில் பயனில்லை என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

சைவத்துக்குள்ளேயே இதற்குத் தெளிவான முன்மாதிரி ஒன்று உண்டு. திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. அந்த நாட்டில் அந்தப் பருவத்தில் அது வருவது இயல்பு என்றார்கள். அவர் அதோடு விடவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடினார், சுரம் நீங்கியது என்கிறது பெரிய புராணம். முன் செய்ததற்கு இது பலன் என்று சொல்லி, தப்பும் வழி தேடாமல் இருப்பது இழிவு என்ற கருத்தில்தான் அந்தப் பதிகமே தொடங்குகிறது. வினையை நம்புகிற ஒருவரே வினையைச் சாக்காகச் சொல்வதைக் கண்டிக்கிறார். வலி எண்ணெய் தேய்ப்பதும், அரசாங்கக் கிளினிக்கில் வரிசையில் உட்கார்வதும் நம்பிக்கைக் குறைவு என்று நினைக்கும் முதியவர்களுக்கு இதைவிடப் பழைய அனுமதி தேவையில்லை.

சித்தர்களின் நிலை இன்னும் சுவையானது. திருமந்திரத்தில் யாக்கை நிலையாமை பேசும் பகுதியும் உண்டு, உடம்பைப் போற்றிக் காக்கும் பகுதியும் உண்டு. முதலில் உடம்பை இழிவாக எண்ணியவர், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் சொல்கிறார். உடம்பு மண்பானைதான், ஆனால் அதில்தான் சமைக்க வேண்டியிருக்கிறது. சித்த மருத்துவம் வாத நோய்களை எண்பதாக வகுத்தது இந்த அக்கறையிலிருந்துதான். முடக்கத்தான் கீரை என்ற பெயரே முடக்கை அறுப்பது என்ற பொருளில் வந்தது என்பார்கள். அதை அரைத்துத் தோசையில் கலப்பதும், நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பதும் தோட்ட லயங்களுக்குக் கடல் தாண்டி வந்த கைமுறைகள். ஒத்தடமும் எண்ணெயும் இதம் தரும். தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கா. தொடைத் தசையை வலுவாக்கும் எளிய பயிற்சியும், நடையும், எடையைக் குறைப்பதும் முழங்காலுக்கு உண்மையில் உதவுகின்றன. வலி மாத்திரையை ஆண்டுக்கணக்கில் கேட்பாரின்றி விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கினால் அது தேய்மானம் மட்டுமல்ல, உடனே மருத்துவர் பார்க்க வேண்டியது. இவற்றில் எதையும் எந்தச் சமயமும் தடுக்கவில்லை.

எஞ்சுவது வழிபாடு. தமிழர் பக்தி கால்களால் ஆனது என்றே சொல்லலாம். சுற்றி வருவது, விழுந்து எழுவது, மலை ஏறுவது, தீ மிதிப்பது எல்லாம் கால்களின் வேலை. சிலாங்கூரின் பத்துமலை முருகன் கோயிலில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது; 1920இல் மரப்படி போட்டார்கள், பிறகு அது சிமெண்டுப் படியானது. இன்று 272 படி. இளமையில் காவடியோடு அதை ஏறியவர் முதுமையில் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, முட்டி வலியைவிடப் பெரிய வலி ஒன்று வருகிறது: தன் கடனைச் செலுத்த முடியவில்லை என்பது.

இதற்கு அப்பரின் கடைசிக் காலக் கதை நேர் விடையாக இருக்கிறது. முதுமையில் கயிலை காணப் புறப்பட்ட திருநாவுக்கரசர், காசியையும் கடந்து நடந்தார். பாதம் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார். கையும் தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார். அதுவும் இயலாமல் புரண்டார். முனிவர் வடிவில் வந்த சிவன், இந்த உடம்பால் அங்கே போக முடியாது, திரும்பு என்றார். அப்பர் மறுத்தார். பிறகு ஒரு தடாகத்தில் மூழ்கச் சொல்ல, மூழ்கியவர் திருவையாற்றில் எழுந்தார். கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது. இந்தக் கதையை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதே மேடை வழக்கம். கதை முடிந்த இடத்தைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அப்பர் கயிலைக்குப் போய்ச் சேரவே இல்லை. தேய்ந்த உடம்பு மலையை எட்டவில்லை. மலை அவருக்குப் பழக்கமான காவிரிக் கரைக்கு வந்தது. திருநின்றவூர்ப் பூசலாரோ ஓர் அடிகூட நடக்கவில்லை. மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, நாள் பார்த்துக் கோயில் கட்டினார். அரசன் காஞ்சியில் எழுப்பிய கற்கோயிலின் குடமுழுக்கை இறைவன் தள்ளிவைக்கச் சொன்னது அந்த மனக்கோயிலுக்காக.

கோயில் நடைமுறையும் இதற்கு ஏற்ப அசைந்தே வந்திருக்கிறது. பழனியில் 1966 முதல் இழுவை ரயிலும் 2004 முதல் ரோப்காரும் முதியவர்களை மேலே கொண்டுபோகின்றன. சபரிமலையில் டோலி உண்டு. பத்துமலையில் நகரும் படிக்கட்டு அமைக்கும் திட்டம் 2025 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. கஷ்டப்பட்டு ஏறினால்தான் புண்ணியம் என்று இவற்றை எதிர்ப்பவர்களும் உண்டு. நேர்ந்துகொண்டவர் தானே விரும்பி ஏற்கும் வலிக்கும், எழுபது வயதில் கேட்காமல் வந்த வலிக்கும் உள்ள வேறுபாட்டை அந்த வாதம் மறந்துவிடுகிறது. முதலாவது விரதம். இரண்டாவதை விரதமாக்கும்படி யாரையும் வற்புறுத்த முடியாது.

கேட்காமல் வந்த வலி புத்தரையும் விடவில்லை; முதுமையில் அவருக்கும் முதுகு வலி இருந்தது. எண்பதாம் வயதில் தன் உடம்பை, கட்டுகள் போட்டு ஓட்டும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டார். முன்பே ஒருமுறை, முதுகு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, கூடியிருந்த துறவிகளுக்குச் சாரிபுத்திரரை உபதேசிக்கச் சொல்லிப் படுத்துக்கொண்டார். உடல் வலி ஓர் அம்பு, அதை நினைத்து மனம் புலம்புவது இரண்டாவது அம்பு என்று பிரித்துக் காட்டியவர் அவர்தான். இரண்டாவது அம்பு இல்லாதவருக்கும் முதலாவது வலிக்கத்தான் செய்தது, படுக்கத்தான் வேண்டியிருந்தது.

வலிக்கும் உடம்புக்கு இடம் தரும் படிநிலைகள் சைவ வணக்க முறையிலும் உள்ளன. நெடுஞ்சாண்கிடையாக விழுவது அட்டாங்கம். தலையும் இரு கைகளும் இரு முழங்கால்களும் நிலம் தோய்வது பஞ்சாங்கம். இரு கைகளையும் தலைமேல் குவிப்பது திரியாங்கம். மூன்றாவதில் முழங்காலுக்கு வேலை இல்லை. அதை நின்றும் செய்யலாம். மண்டபத்து ஓரத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம்.