கொடும்பாளூரில் பிரியும் மூன்று வழிகள்

பாரிஸிலோ ரோமிலோ ரயிலைவிட்டு இறங்கும் ஒரு தமிழ்த் தம்பதி முதலில் செய்யும் காரியம் கைப்பேசியைத் திறப்பதுதான். விடுதிக்குப் போக அது மூன்று கோடுகளை வரைந்து காட்டும். ஒன்று குறுக்கு வழி, இன்னொன்றில் ஏற்றம் குறைவு, மூன்றாவது ஆற்றங்கரையோரம் சுற்றிக்கொண்டு போவது. கணவர் ஒன்றைச் சொல்வார், மனைவி வேறொன்றைக் காட்டுவார். கல் பாவிய தெருவில் பெட்டியின் சக்கரம் கடகடக்க, போகிறவர் வருகிறவர் பார்க்க, நடுத்தெருவிலேயே ஒரு சின்ன வழக்கு நடக்கும்.

கைப்பேசி செய்யும் இந்த வேலையைச் சிலப்பதிகாரத்தில் ஒரு முதியவர் செய்கிறார். குடமலை நாட்டு மாங்காட்டைச் சேர்ந்த மறையவர் அவர். மனைவி கண்ணகியுடன் புகாரைவிட்டுக் கிளம்பி, உறையூரைத் தாண்டி வந்து இளைப்பாறிக்கொண்டிருக்கும் வணிகன் கோவலனிடம் மதுரைக்குப் போகும் வழியை விவரிக்கிறார். கொடும்பையின் பெரிய குளத்தை அடைந்ததும் பாதை சிவன் கைச் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறார். அந்தக் கொடும்பைதான் இன்றைய கொடும்பாளூர். புதுக்கோட்டை மாவட்டத்தில், திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டியதும் வருகிறது. மூவர் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் பலருக்கும், காப்பியத்தின் முச்சந்தியில் நிற்கிறோம் என்பது நினைவுக்கு வருவதில்லை.

வலப்பக்க வழி வறண்ட நிலங்களினூடே சிறுமலைப் பக்கமாகப் போகிறது. இடப்பக்க வழியில் திருமால் குன்றம். அங்கே ஒரு பிலத்துக்குள் மூன்று பொய்கைகள்: ஒன்றில் நீராடினால் ஐந்திர இலக்கணம் கைவரும், மற்றொன்றில் பழம்பிறப்பு தெரியும், மூன்றாவதில் நினைத்தது கிடைக்கும். நடுவழி காட்டுக்குள் போகிறது. அங்கே வழிப்போக்கரை மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு. உடன் வரும் சமணத் துறவி கவுந்தியடிகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்தப் பொய்கைகள் தங்களுக்குத் தேவையில்லை என்கிறார். இலக்கணம் அருகதேவன் நூலிலேயே இருக்கிறது. பழம்பிறப்பின் வினை இந்தப் பிறப்பில் கண்ணெதிரே நிற்கிறது. வாய்மை தவறாதவருக்கு எட்டாத பொருள் ஏது என்பது அவர் வாதம்.

கிரேக்கர்களிடமும் ஒரு முச்சந்திக் கதை உண்டு. இளைஞன் ஹெராக்கிளீஸ் முன் இரண்டு பெண்கள் வந்து நிற்பார்கள். ஒருத்தி நல்லொழுக்கம், மற்றவள் சுகபோகம். புரோடிக்கஸ் சொன்ன கதையாக இதை செனபோன் எழுதிவைத்திருக்கிறார். அங்கே எந்த வழியைத் தேர்கிறான் என்பதில்தான் அவன் வாழ்க்கையே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் காட்டும் முச்சந்தி அப்படியல்ல. மூன்று வழியும் மதுரைக்கே போகின்றன. மதுரையில் கோவலனுக்குச் சாவு காத்திருக்கிறது.

அப்படியானால் தேர்வு எதற்கு?

அந்தக் காலத்தில் இதற்குத் துணிந்து பதில் சொன்னவர்கள் ஆசீவகர்கள். எறிந்த நூற்கண்டு நூல் தீரும்வரை உருண்டு பிரிவதுபோல உயிரும் விதித்தபடி பிறந்து பிறந்து முடியும், நம் முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றார்கள். மகள் கதியைக் கேட்ட பிறகு கண்ணகியின் தந்தை மாநாய்கன் போய்ச் சேர்ந்தது அவர்களிடம்தான். மகளை இழந்தவருக்கு அந்தத் தத்துவம் கொஞ்சம் நிம்மதி கொடுத்திருக்கும். சமணம் இதை ஏற்கவில்லை. வினை உண்டு, ஆனால் அதைச் சேர்ப்பதும் கழிப்பதும் அவரவர் செயல் என்றது. அதனால்தான் புகாரிலிருந்து கிளம்பும்போதே கவுந்தியின் கவலையெல்லாம் பாதத்தின்மேல் இருக்கிறது. வயல்வழி போனால் நண்டும் நத்தையும் மிதிபடும், சோலைவழி போனால் கிழங்கு தோண்டிய குழிகளைப் பூக்கள் மூடியிருக்கும் என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கிறார். எந்த வழி என்பதைவிட எப்படி நடப்பது என்பதே அவருக்குப் பெரிது.

இவ்வளவு கவனமாக நடந்தும் என்ன ஆயிற்று? மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியைக் கவுந்தியிடம் விட்டுவிட்டு, கோவலன் மட்டும் நகரம் பார்க்கப் போகிறான். மணிக்கடை, பொற்கடை, துணிக்கடை, தானியக்கடை என்று தெருத்தெருவாகச் சுற்றுகிறான். இத்தனை தூரம் கூடவே நடந்து கால் சிவந்தவளை அழைத்துப்போகத் தோன்றவில்லை என்பது இன்றைய வாசகரை உறுத்தும்; உறுத்தட்டும். திரும்பிவந்து ஊரை மெச்சிப் பேசுகிறான். பிறகு அடைக்கலமாக ஆயர்குல மாதரி வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே கண்ணகி சமைத்துப் பரிமாற, உண்டு எழுந்து அவள் சிலம்பை விற்கப் போனவன் திரும்பவில்லை. இவன் சிலம்புத் திருடன் என்று பொற்கொல்லன் சொன்னான், அரசன் நம்பினான், வெட்டிவிட்டார்கள். ஊருக்குப் புதிதாக வந்த வணிகனிடம் இந்தச் சிலம்பு ஏது என்று அரசன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊழ்வினை என்று இங்கே கணக்கை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அந்த ஊழ் எது என்பதையும் காப்பியமே சொல்கிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்லும் பழங்கதையில், கபிலபுரத்து வணிகன் சங்கமன் சிங்கபுரத்துக் கடைவீதிக்கு அணிகலன் விற்க வருகிறான். அரச சேவகன் பரதன் அவனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்விக்கிறான். சங்கமன் மனைவி நீலி தெருவெல்லாம் அழுது திரிந்து, பதினான்காம் நாள் மலையேறி உயிர்விடுகிறாள். அந்தப் பரதன்தான் கோவலனாகப் பிறந்தான்.

ஆக, வெளியூரிலிருந்து வந்தவனைச் சந்தேகப்பட்டவன் மறுபிறப்பில் தானே வெளியூர்க்காரனாய்ப் போய்ச் சேர்ந்தான். விதியின் ஆதியைத் தோண்டினால், புதியவன் ஒருவனை என்ன செய்வது என்று உள்ளூர்க்காரன் ஒருவன் எடுத்த முடிவு அகப்படுகிறது. கொடும்பாளூர் முச்சந்தியில் தேர்வு இல்லாமல் போகலாம். சிங்கபுரத்துக் கடைவீதியில் இருந்தது, மதுரை அரண்மனையிலும் இருந்தது. தேர்வு நடந்து வந்தவர் கையில் இல்லை, வாசலில் நின்றவர் கையில் இருந்தது என்பதே இந்தக் கட்டுரை காப்பியத்தைப் படிக்கும் விதம்.

அதே கொடும்பாளூரை ஆண்டவர் இடங்கழி நாயனார். அடியாருக்கு அமுது படைக்க அரண்மனைக் களஞ்சியத்தில் நெல் திருடிய ஒருவரைக் காவலர் பிடித்துவந்தபோது, ஏன் திருடினாய் என்று அவர் கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. காரணம் தெரிந்ததும் அவரை விட்டுவிட்டுக் களஞ்சியத்தையே அடியார்களுக்குத் திறந்துவிட்டார். உண்மையான திருடனிடம்கூட ஏன் என்று கேட்ட ஊர் அது.

புதுக்கோட்டை எல்லாக் காலத்திலும் அப்படியே இருந்தது என்று சொல்ல முடியாது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915இல் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்து அழைத்துவந்தார். மகாராணி என்று அவரை ஏற்க ஆங்கில அரசு மறுத்தது. 1916இல் பிறந்த மகனுக்கு வாரிசுரிமையும் கிடைக்கவில்லை. அந்தத் தம்பதி சில மாதங்களிலேயே ஊரைவிட்டுப் போனார்கள். பிரகதாம்பாள் அம்மனின் தாசர் என்பதைப் பட்டமாகத் தாங்கிய மரபில் வந்த மன்னர் 1928இல் பாரிஸில் காலமானார். தகனம் லண்டனில் நடந்தது.

வெளியூரிலிருந்து வந்தவருக்கு இடம் கொடுத்ததற்கான சான்றும் இதே மாவட்டத்தில் உண்டு. சித்தன்னவாசல் மலைமேல் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்தில் சமணர் கற்படுக்கைகள் பதினேழு இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி எழுத்துகள். எருமைநாட்டில் பிறந்த காவுதி ஈதன் என்பவருக்கு, சிறுபோசில் ஊர் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்பது செய்தி. எருமைநாடு இன்றைய மைசூர்ப் பக்கம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். காவுதி என்ற பெயரைக் கேட்டதும் கவுந்தியின் நினைவு வருவதைத் தடுக்க முடியவில்லை. சித்தன்னவாசல் புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர்தான். பாறை சூடாவதற்குள், காலையிலேயே ஏறிவிடுங்கள்.