சாவடிப் பொறுப்பாளரிடம் விட்டுச் சென்றவர்



அடிபட்டுக் கிடந்தவரின் காயத்தில் நல்ல சமாரியர் எண்ணெயோடு திராட்சை மதுவையும் வார்த்தார் என்கிறார் லூக்கா. புண் கழுவிய அந்த மதுதான் நம் ஊரில் எத்தனையோ பேரை வழியோரம் வீழ்த்தியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நம் ஊருக்கு வருகிறவர்களில் பலர் எதற்காக வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டைவிட இங்கே பாட்டில் மலிவு. அந்த மலிவுக்குக் கணக்குத் தீர்ப்பவர்கள் வீட்டுப் பெண்கள்.

உங்கள்முன் ஒன்றை அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கடலுக்குப் போகிற ஒரு தம்பியிடம், இனிக் குடிப்பதில்லை என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் வாங்கினேன். அவர் சொன்ன சொல் காத்தார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் இல்லாத ஆட்களோடு பேசினார். பல ஆண்டு தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பது எனக்குத் தெரியாமல் போனது. மருத்துவர்கள்தான் காப்பாற்றினார்கள்.

சிகிச்சையின் முதல் நாட்களில் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்து, தயமின் ஊசி. பிறகு குடிக்கும் ஏக்கத்தைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட். டைசல்ஃபிரம் வேறு வகை: அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். தாய்மார்களே, அதைக் குடிக்கிறவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்காதீர்கள். இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். உங்கள் கண்ணீரை அறிவேன், ஆனாலும் வேண்டாம்.

மாத்திரை போடுவது விசுவாசக் குறைவா? சீராக் நூலின் 38ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள். மருந்தும் ஆண்டவரின் கொடைதான். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் கணவர் பெயரிலேயே சிகிச்சை மையம் தொடங்கினார். அங்கே மருந்தோடு ஆலோசனையும் உண்டு. மனைவிக்கும் குடும்பத்துக்கும் தனியே சிகிச்சை உண்டு. வீடு முழுக்கப் புண்பட்டிருக்கும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும்.

சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். ஒரே தடவையில் தீராது என்று அறிந்தவரின் பேச்சு அது. நான் சொன்ன தம்பி அதன்பின் இரண்டு முறை மறுபடியும் குடித்தார். இப்போது மீண்டும் சிகிச்சையில் இருக்கிறார். அவர் மனைவி மாத்திரையை எடுத்துக் கொடுக்க, அவரே கேட்டு வாங்கிப் போடுகிறார்.

14446 என்பது அரசின் இலவச உதவி எண். நம் அரசு பொது மருத்துவமனைக்கும் போகலாம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் பூசை முடிந்ததும் சக்ரிஸ்திக்கு வாருங்கள். நான் கூட வருகிறேன்.