கேளாமைக்கும் விலையுண்டு

மக்களை நேரடியாகக் கேட்பதற்குப் பணம் செலவாகும், மெய்தான். ஆனால், வஞ்சகமாய்க் கேட்பதற்கும் கேளாதிருப்பதற்கும் விலையுண்டு.

பாராளுமன்றம் மேலும் ஆறு ஆண்டுகள் நீடிக்கலாமா என்று 1982 டிசெம்பர் 22இல் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. ஆமென்போருக்கு விளக்கு, இல்லையென்போருக்குக் குடம். விளக்குக்கு 54.66 வீதம். பொதுத்தேர்தல் செலவு மிஞ்சியது. பிரதிநிதிகளை மாற்றும் உரிமையோ ஆறு ஆண்டுகள் பறிபோயிற்று.

வடக்கோடு இணைந்திருப்பதா என்று கிழக்கு மக்களிடம் கேட்பதாக 1987 ஒப்பந்தம் உறுதி கூறியது. அவ்வாக்கெடுப்போ தள்ளித்தள்ளிப் போய் நடவாமலே போயிற்று. 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாததாக்கியது. சவளக்கடையில் வேளாண்மை செய்பவரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் மண்ணில் 'ஆம், இல்லை' மட்டும் போதுமா? வாக்குக்கு முன் மனந்திறந்த பேச்சும், தோற்பவருக்குப் பாதுகாப்பும் வேண்டும். அதில் சிக்கனம் பார்ப்பது நீதியாகுமா? சிந்தியுங்கள்.