கண்மணியும் காட்சியும்

அன்பு மிகும்பொழுது தாய் தன் குழந்தையைக் 'கண்ணே' என்பாள். அதனினும் மிகுந்தால் 'கண்மணியே' என்பாள். மணி என்றதும் ஒளிவிடும் பொருளொன்று நெஞ்சில் தோன்றுகின்றது. உடற்கூற்று நூலார் கூறுவதோ வேறு. கண்மணி ஒரு பொருளன்று. ஐரிஸ் எனப்படும் கருவிழிப்படலத்தின் நடுவே அமைந்த துளையே அது. உட்புகுந்த ஒளியின் பெரும்பகுதி கண்ணுக்குள்ளேயே உறிஞ்சப்படுவதால் அது கறுத்துத் தோன்றுகின்றது. விலைமதிப்பற்றதென மக்கள் போற்றுவது ஒரு வெற்றிடத்தையே! அவ்விடம் அடைபடின் காட்சி இல்லை.

எனினும், அது காவலற்ற வாயிலன்று. வட்டத்தசை சுருங்கப் பேரொளியில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டராகக் குறுகும். ஆரத்தசை இழுக்க, இருளில் இளையோர்க்கு 8 மில்லிமீட்டர் வரை விரியும். ஒரு கண்ணில் மட்டும் ஒளி பட்டாலும் மறுகண்ணின் மணியும் உடன் சுருங்கும். மனக்கணக்கு கடினமாகுந்தோறும் கண்மணி மிகுதியாக விரிதலை, அமெரிக்காவில் ஆய்ந்த ஹெஸ், போல்ட் என்னும் இருவர் 1964-இல் வெளியிட்டனர். சிந்திக்கும் மாணவனின் கண் தானாகவே அகலத் திறக்கின்றது என்பது ஆசிரியர் எண்ணத்தக்க செய்தியாகும்.

கண்மணிக்குப் பாவை என்றொரு பெயரும் உண்டு. ஒருவர் கண்ணை மற்றொருவர் அணுகி நோக்கின், அக்கருமையின் முன் நோக்குவோரின் உருவமே சிறு பொம்மைபோல் தெரியும். இலத்தீன் மொழியாரும் சிறுமி, சிறு பொம்மை எனப் பொருள்படும் சொல்லையே இதற்கு வழங்கினர். மாணவனையும் கண்மணியையும் ஒருங்கே குறிக்கும் 'பியூப்பில்' என்னும் ஆங்கிலச் சொல் அவ்வேரினின்று கிளைத்ததே. இங்கேதான் அறவினா எழுகின்றது. பிறர் கண்ணை நோக்குவோன் அவரைக் காண்கின்றானா, அங்குத் தெரியும் தன்னையே காண்கின்றானா?

திருவள்ளுவர் காதற்சிறப்புரைத்தலில், தலைவிக்கு இடமில்லை எனக் கூறித் தன் கண்மணியிலுள்ள பாவையைப் போய்விடுமாறு தலைவன் வேண்டுவதாகப் பாடியுள்ளார். காதலுக்குச் சொன்னது கல்விக்கும் பொருந்தும். தம் சாயலையே தேடும் ஆசிரியர், தம் சொற்களைத் திருப்பிச் சொல்பவனை அறிவாளி என்பார். வேறு வழியில் விடை கண்டவனை அடங்காதவன் என்பார். வெறும் வயிற்றோடு வந்து தலைகவிழ்ந்திருப்பவனைச் சோம்பேறி என்பார். அவர் கண்ணில் மாணவனுக்கு இடமில்லை. அங்கே அவரே நிறைந்திருக்கின்றார்.

அங்ஙனமாயின், ஆசிரியர் தம் கருத்தனைத்தையும் துறத்தல் வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். அன்று. அளவின்றித் திறந்த கண்ணும் செவ்வனே காணாது. முற்காலத்தில் இத்தாலிய மகளிர் அழகு கருதி, 'அழகிய மங்கை' எனப் பொருள்படும் பெல்லடோனாச் செடியின் சாற்றால் கண்மணியை விரித்தனர் என்பர். சுருக்கும் தசை செயலிழப்பதால் ஒளி கூசும். அண்மைப் பொருள் மங்கும். பிறர் காண அழகுற்ற கண், தான் காணும் திறனில் குறைந்தது. எல்லார்க்கும் இனியராய்த் தோன்ற விரும்பி எதனையும் கண்டிக்காத ஆசிரியரின் நிலையும் இதுவே. இடம் விடுதல் வேறு; காவல் விடுதல் வேறு.

மாணவனைக் கண்மணி என அழைத்தல் எளிது. அவன் அவனாகவே வந்து நிற்பதற்குத் தம்முள் சிறிது இடம் ஒழித்துத் தருதலே அரிது. அவ்வரிய செயலே ஆசிரியப் பணியின் அறமாகும்.