செம்பாறையும் வீட்டுக்காரர் சொல்லும்

பகுத்தறிவுடையோன் ஒருவன், பிறர் புனிதமென்று கொண்டாடும் பொருளை மதிக்கக் கடமைப்பட்டவனா? கல்லைக் கல்லென்று சொல்லப் பழகிய நமக்கு இக்கேள்விக்கு விடை சுலபமென்றே யான் நெடுநாள் எண்ணியிருந்தேன். 2019-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஆஸ்திரேலியப் பாலையின் நடுவே, ஓர் இரும்புச் சங்கிலியைப் பற்றி நின்றபோதுதான் அவ்வெண்ணம் ஆட்டங் கண்டது.

உலுரு என்பது அப்பாலையில் தனித்து நிற்கும் செம்பாறை. தரையிலிருந்து 348 மீட்டர் உயரம். அடிவாரத்தைச் சுற்றி நடந்தால் 10 கிலோ மீட்டருக்குச் சற்று மேல். உள்ளே சாம்பல் நிறக் கல்தான். அதிலுள்ள இரும்பு, காற்றும் நீரும் பட்டுத் துருவேறிச் சிவந்தது. 1873-இல் கோஸ் என்னும் வெள்ளையர் அதைக் கண்டு, தென் ஆஸ்திரேலியாவின் முதன்மைச் செயலராயிருந்த ஹென்றி ஏர்ஸ் என்பாரின் பெயரைச் சூட்டினார். அந்நிலத்துப் பூர்வ குடிகள் அனங்கு எனப்படுவோர். (நம் அணங்குக்கும் இப்பெயருக்கும் உறவு தேடப் புறப்படும் புலவர்கள் சற்றே பொறுத்தருள்க.) 1985-இல் அரசாங்கம் நிலத்தை அவர்களிடம் திருப்பி அளித்தது; அளித்த அன்றே 99 ஆண்டுக் குத்தகைக்குத் திரும்ப வாங்கியும் கொண்டது.

வழிகாட்டி ஒருவருடன் ஒருநாள் நடைக்கு யானும் என் மாமன் மகனும் சென்றோம். புறப்பட்ட இடத்திலேயே ஏறுவழியும் இருந்தது. 1964-இல் முதன்முதல் அமைத்த சங்கிலி கம்பம் கம்பமாய்ச் செங்குத்தே மேலே போயிற்று. ஏறவேண்டா என்று அந்நிலத்தார் வேண்டிக்கொள்வதை அருகே ஒரு பலகை அறிவித்தது. ஏறுவது அன்று சட்ட விரோதமன்று. அவ்வாண்டு அக்டோபர் 26 முதல் வழியை அடைக்கப் போகிறார்களென்று தெரிந்தமையால், கூட்டம் முன்னைவிடப் பெருகியிருந்தது!

"என்ன அத்தான், கல்லும் செம்பும் கடவுளா என்று ஊரில் கேட்கிறவர் நீங்கள், இங்கே கல்லுக்குப் பயப்படுகிறீர்களா?" என்றான் அவன். வழிகாட்டி ஒன்றும் பேசவில்லை. தண்ணீர்க் குப்பியைத் திறந்து குடித்தார்.

யான் ஏறினேன். சங்கிலி தொடங்குமிடம் சென்று அதைப் பற்றிக் கீழே நோக்கினேன்; தலை சுற்றிற்று; உட்கார்ந்தபடியே நழுவி இறங்கினேன். ஆகையால் எனக்கு எவரும் நற்சான்று அளிக்க வேண்டியதில்லை.

அவன் உச்சிக்குப் போய்விட்டான். யான் வழிகாட்டியுடன் அடிவாரத்தைச் சுற்றி நடந்தேன். அப்போதுதான் அவர் சொன்னார்: ஏறப்போய் 30-க்கு மேற்பட்டோர் மாண்டிருக்கின்றனர், ஒவ்வொரு சாவுக்கும் அனங்கு மக்கள் துக்கங் கொள்கின்றனர், தம் நிலத்திற்கு வந்தவரைக் காப்பது தம் பொறுப்பென்பது அவர்தம் கொள்கை. என் நடை தளர்ந்தது. பூசாரியின் கட்டளையென்று யான் படித்த பலகை வீட்டுக்காரரின் வேண்டுகோளாயிருந்தது.

லயத்து வழிவந்த நமக்கு இது விளங்காமற் போகலாமா? என் பாட்டனார் காலத்தில் லயத்து வீட்டுக் கதவைத் தட்டி, உத்தரவு கேட்டு நுழைந்த கங்காணி எவர்? இது எங்கள் வாசல் என்று சொல்ல வகையற்றிருந்த மக்களின் பேரனாகிய யான், சட்டம் இடங்கொடுக்கிறதென்று வேறொருவர் வாசலில் காலை வைத்தேன்.

அங்ஙனமாயின், 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களை மறித்தவர்களும் தம் வழக்கத்தைத்தானே காட்டினர் என்று அன்பர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே பொதுத் தெருவில் நாயும் போகலாம், பிறப்பினால் ஒதுக்கப்பட்ட மனிதன் போகலாகாது என்றனர். உலுருவில் ஏறாதே என்ற சொல் வந்தவர் எல்லார்க்கும் ஒன்றே.

ஆயினும் ஒன்று என்னை இன்னும் உறுத்துகிறது. அப்பாறையில் பெண்டிர்க்கே உரிய இடங்களும் ஆடவர்க்கே உரிய இடங்களும் உண்டு. அவற்றைப் படமெடுத்தலும் ஆகாது. வழிகாட்டி சொன்னவுடன் யான் காமிராவைத் தாழ்த்தினேன். நம்மூர்க் கோயிலில் பெண்ணொருத்தியை வாசலில் நிறுத்தினால் இங்ஙனம் வாளாவிருப்பேனா? இரேன். நம் வீட்டுப் பிழையை நாம் திருத்தலாம், விருந்தாளிக்கு அவ்வுரிமை இல்லை என்று எனக்கு நானே விடை சொல்லிப் பார்த்தேன். மனம் முழுதும் ஒப்பவில்லை.

அடைப்பிற்குப்பின் அக்கம்பங்களைப் பிடுங்கிவிட்டனர். உச்சியில் எடுத்த படத்தை மாமன் மகன் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான். பொங்கலுக்கு வருவதாக எழுதியுள்ளான், வந்ததும் வழக்கம்போல், "நான் ஏறியதால் எவருக்கு என்ன நட்டம், அத்தான்?" என்றுதான் தொடங்குவான்.