வாய் திறக்காத சிப்பி

தூத்துக்குடியில் முத்துக்குளித்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலேயே ஏலம் விட்டார்கள். ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று கணக்கு. உள்ளே முத்து உண்டா என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரர் ஆட்சியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. அந்தப் பங்கைக் கரையேறிய கையோடு, மூடிய சிப்பியாகவே விற்றுக் காசாக்கியவர்கள் உண்டு. பெரிய முத்து கைவிட்டுப் போயிருக்கலாம், போகட்டும். அன்றைக்கு வீட்டில் உலை கொதித்தது.

போக்கர் ஆடியே பிழைப்பவர்களை நினைக்கும்போதெல்லாம் அந்த ஈரக் கைகள்தான் என் கண்முன் வருகின்றன. வீட்டுச் செலவுப் பணம் தனி, ஆட்டத்துக்கான கைமுதல் தனி. அந்தக் கைமுதலிலும் சிறு பங்குக்கு மேல் ஒரு மேசையில் இறக்கக் கூடாது. மூழ்குவது நம் கையில், முத்து நம் கையில் இல்லை. நன்றாக ஆடியும் தோற்ற இரவில் இதை நம்புவதுதான் கடினம். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அரிசிக் காசைத் தொடுவது, மூச்சு முட்டும்போது இன்னும் ஒரு சிப்பிக்குக் கை நீட்டுவது போன்றது.

1961-ஓடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடாளுமன்றம் தடைசெய்தபோது, அவற்றை நம்பியிருந்தவர்களுக்கும் சிப்பி விளையும் பார் காலியானது. தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில் இன்றும் சங்கு குளிக்கிறார்கள். சங்குக்கு விலை அதன் அளவில் இருக்கிறது. கரையிலேயே அளந்து பார்த்துவிடலாம்.